கம்பியில்லா இணையத்துக்குக் கம்பிதான் மருந்து

இந்தத் தடவை கடிதங்களைப் பிரித்தால் வைஃபை, வைஃபை, வைஃபை. முன் அறையில் பறக்கிறது, பின் அறையில் தவழ்கிறது என்று ஒரே வியாதியை ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறீர்கள். மற்ற கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன். பதினெட்டு வருஷம் அலுவலகங்களிலும் வீடுகளிலும் கேபிள் இழுத்தே பிழைத்தவன் நான். கொஞ்சம் ஒருதலைப்பட்சமாகத்தான் பேசுவேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் வீடு கீழும் மேலுமாக ஏழு அறை. ரவுட்டர் வாசல் பக்கத்து அறையில், டிவிக்குப் பின்னால் இருக்கிறது. மாடியில் கடைசி அறையில்தான் நான் வேலை செய்கிறேன். அங்கே ஃபோனில் இரண்டு கோடு காட்டுகிறது. ஆனால் வீடியோ காலில் என் முகம் உறைந்து போவதாக எதிர்முனையில் சொல்கிறார்கள். அவர்கள் பேசுவது எனக்கு ஓரளவு நன்றாகவே கேட்கிறது. இணைப்பு கொடுத்த நிறுவனம் 100 எம்பிபிஎஸ் போதாது, 300க்கு மாறுங்கள் என்கிறது. கடையில் எட்டு ஆன்டெனா வைத்த ரவுட்டரைக் காட்டுகிறார்கள். எதைச் செய்யலாம் ஐயா? (மாடி அறை வாசகி)

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள் அம்மா. விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அவர்கள் பேச்சு உங்களுக்குக் கேட்கிறது, உங்கள் முகம்தான் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அதாவது ரவுட்டர் சொல்வது உங்கள் ஃபோனுக்குக் கேட்கிறது, ஃபோன் சொல்வது ரவுட்டருக்குக் கேட்கவில்லை.

வைஃபை வானொலி மாதிரி ஒருவழிப் பாதை இல்லை. ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் "வந்தது" என்று பதில் போயாக வேண்டும். ரவுட்டர் சுவரிலிருந்து கரண்ட் எடுத்துக்கொண்டு சத்தமாகப் பேசும். ஃபோன் சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு மெல்லத்தான் பேசும். ஃபோனில் தெரியும் கோடுகள் ரவுட்டரின் குரல் எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும் காட்டுகின்றன. உங்கள் குரல் அந்தப் பக்கம் எப்படிக் கேட்கிறது என்று காட்டக் கோடு கிடையாது.

இது தெரியாமல் நானும் பணத்தைக் கொட்டியவன்தான். அப்பா மாடியில் இருந்தார். அவர் அறையில் சிக்னல் இல்லை என்று ஆறு ஆன்டெனா வைத்த ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். கவிழ்த்துப் போட்ட சிலந்தி மாதிரி இருக்கும். மாட்டியதும் மாடியில் ஒரு கோடு கூடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று ராத்திரியே அப்பா கீழே இறங்கி வந்து, "கோடு வந்திருக்குடா, ஆனா பேச்சு வரலை" என்றார். தொழிலே அதுவாக இருந்தவனுக்கு அது ஒரு நல்ல அடி. நியாயமாகச் சொன்னால், நல்ல ஆன்டெனாக்கள் ரவுட்டரின் காதையும் கொஞ்சம் கூர்மையாக்கும். ஒரு சுவருக்கு அது உதவும். ஒரு கான்கிரீட் தளத்தையும் மூன்று சுவர்களையும் அதனால் ஜெயிக்க முடியாது.

சரி, முதலில் நிறுவனத்தின் பேச்சைச் சோதித்துவிடுவோம். ஒரு லேப்டாப்பைக் கேபிள் போட்டு நேராக ரவுட்டரில் செருகி வேகம் பாருங்கள். இறங்கு வேகம், ஏறு வேகம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல தரத்தில் ஒரு வீடியோ காலுக்கு இரண்டு பக்கமும் 4 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். கேபிளிலேயே ஏறு வேகம் அதற்குக் கீழே இருந்தால் குற்றம் நிறுவனத்துடையது, சண்டை போடலாம். கேபிளில் 90 வருகிறது, மாடியில் 3 வருகிறது என்றால் 300 எம்பிபிஎஸ் திட்டம் வாங்கினாலும் மாடியில் அதே 3தான் வரும். தெருக்குழாயில் தண்ணீர் பொங்கினாலும் வீட்டுக் குழாய் அடைத்திருந்தால் வாளி நிறையாது.

அடுத்தது நடை. கோடுகளை நம்பாதீர்கள். ஒவ்வொரு ஃபோன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் கோடு போடுகிறது. சிக்னலுக்கு டிபிஎம் என்றொரு கணக்கு இருக்கிறது. ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் என்று தேடினால் பல ஆப்கள் அதைக் காட்டும். ஐஃபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டி ஆப்பை இறக்கி, ஃபோன் செட்டிங்ஸில் அதற்கான ஸ்கேனரை இயக்கினால் தெரியும். எண்கள் மைனஸில் இருக்கும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம். ரவுட்டர் பக்கத்தில் −30 அல்லது −40 வரும். −67 வரை வீடியோ காலுக்குத் தெம்பாக இருக்கும். −70ஐத் தாண்டினால் தடுமாற்றம். −80 என்றால் இணைப்பு பெயரளவுக்குத்தான். இந்தக் கணக்கு 10 குறைந்தால் பலம் பத்தில் ஒன்றாகிவிடும். ஆகவே −60க்கும் −80க்கும் உள்ள வித்தியாசம் நூறு மடங்கு. ஒரு தாளில் வீட்டு வரைபடத்தைப் போட்டுக்கொண்டு அறை அறையாக நின்று எண்ணை எழுதுங்கள். கதவைச் சாத்திவிட்டு ஒரு தடவை, திறந்துவிட்டு ஒரு தடவை. கால் மணி நேர வேலை.

அந்தத் தாளில் ரவுட்டர் இருக்கும் இடத்திலிருந்து உங்கள் மேஜைக்கு ஸ்கேல் வைத்து ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு எதையெல்லாம் வெட்டிப் போகிறது என்று பாருங்கள். இங்கேதான் பலருக்குக் கண் திறக்கும். ஒன்பது அங்குலச் சுவரை நேராகக் கடந்தால் ஒன்பது அங்குலம்தான். 45 டிகிரி சாய்வாகக் கடந்தால் அதே சுவர் கிட்டத்தட்ட பதின்மூன்று அங்குலம். 60 டிகிரி சாய்ந்தால் பதினெட்டு. உங்கள் அறை மாடியில் எதிர்மூலை என்பதால் தளம், சுவர் எல்லாவற்றையும் சாய்வாகத்தான் கடக்க வேண்டும். கடினமான இடத்தில் ரவுட்டரை வைத்துவிட்டு அதன் மேல் பழி போடுகிறோம்.

அலைக்குச் செங்கல் சுவர் தொல்லை, இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் பெருந்தொல்லை, உலோகம் எமன். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், பூச்சுக்குள் வலைக்கம்பி வைத்த சுவர் எல்லாம் உலோகக் கணக்குதான். பெரிய நிலைக்கண்ணாடியும் அப்படியே, அதன் பின்னால் பூசியிருப்பது உலோகம். மைக்ரோவேவ் அவன் கதவைப் பாருங்கள், புள்ளிப் புள்ளியாக ஓட்டை போட்ட ஒரு உலோகத் தகடு இருக்கும். ஒளி அந்த ஓட்டை வழியாக வரும், அலை வராது. ஏனென்றால் அந்த அலையின் நீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம். வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்று 2.4 ஜிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5. அந்த 2.4இன் அலைநீளமும் ஏறக்குறைய அதேதான். தண்ணீரும் அலையைக் குடிக்கும். ரவுட்டருக்கும் படிக்கும் அறைக்கும் நடுவே பெரிய மீன்தொட்டியை வைத்துவிட்டு "போன மாதத்திலிருந்துதான் சரியில்லை" என்று என்னை வரச் சொன்ன வீடு ஒன்று உண்டு. மீன்கள் என்னைப் பார்த்து வாயைத் திறந்து மூடின.

இப்போது உங்கள் டிவிக்கு வருவோம். டிவியின் முதுகு முழுக்க உலோகம். ரவுட்டருக்கு அதைவிட மோசமான இடம் அலமாரிக்குள் மட்டும்தான். அங்கே இருந்து எடுத்து, மாடிப்படி ஏறும் இடத்தில், தலை உயரத்துக்கு மேல், திறந்தவெளியாக வைத்துப் பாருங்கள். படிக்கட்டு வழியில் கான்கிரீட் இல்லை. கூரையில் இருக்கும் அந்தப் பெரிய ஓட்டையை நம் காலுக்கு மட்டும் ஏன் விட வேண்டும்? ஃபைபர் இணைப்பு என்றால் அந்த மெல்லிய இழையை நீங்களே இழுத்து மடக்காதீர்கள், உள்ளே கண்ணாடி. நிறுவனம் வைத்த பெட்டி அங்கேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்து இன்னொரு ரவுட்டரைப் படிக்கட்டில் வையுங்கள். பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடலாம்.

ஆன்டெனா பற்றி ஒரு வார்த்தை. ஆன்டெனாவின் நுனியிலிருந்து அலை பீய்ச்சி அடிப்பதாகப் பலர் நினைத்து, மாடியை நோக்கிக் குறி வைக்கிறார்கள். உண்மையில் குச்சியின் நடுவில் மாட்டிய நீச்சல் டியூப் மாதிரி பக்கவாட்டில்தான் அது பரவும். நுனி காட்டும் திசையில்தான் மிகக் குறைவு. ஒரே தளத்துக்கு நிமிர்த்தி வையுங்கள். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்கை வசமாகச் சாயுங்கள்.

இவ்வளவும் செய்தும் உங்கள் மேஜையில் −70க்குக் கீழே இருந்தால் ஒரே வழி. மாடிக்கு ஒரு கேபிள், அதன் முனையில் ஒரு ஆக்சஸ் பாயின்ட். அதாவது வைஃபையை மட்டும் பரப்பும் பெட்டி. தளத்தைத் துளைக்க வேண்டியதில்லை, படிக்கட்டு ஓரமாகவோ வெளிச்சுவர் வழியாகவோ போகலாம். வெளியே போனால் வெயிலும் மழையும் தாங்கும் உறை உள்ள கேபிளாக இருக்கட்டும். எட்டு ஆன்டெனா ரவுட்டருக்கு ஆகும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவாகவே முடியும்.

கேள்வி: பின்பக்க அறைக்காக ஒரு ரிப்பீட்டர் வாங்கி அந்த அறையிலேயே வைத்தேன். சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் ஒரு பக்கம் திறக்க ஒரு யுகம் ஆகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (பின்கட்டுக்காரர்)

பதில்: ஏமாற்றவில்லை, இடம்தான் தப்பு. இருட்டு அறைக்குள் கண்ணாடியைக் கொண்டு போய் வைத்திருக்கிறீர்கள். ரிப்பீட்டர் தானாக இணையத்தைச் செய்யாது, கேட்டதைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். அந்த அறையில் உங்கள் ஃபோனுக்கே ரவுட்டர் சரியாகக் கேட்கவில்லை, ரிப்பீட்டருக்கு மட்டும் எப்படிக் கேட்கும்? உங்களுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவே உள்ள சிக்னல்தான் முழுசாகத் தெரிகிறது. ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ளது நொண்டுகிறது.

ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் இடைப்பட்ட வழியில், ஃபோனில் −60 அல்லது −65 காட்டும் இடத்தில் அதை வையுங்கள். தாழ்வாரம் பெரும்பாலும் சரிவரும். அப்போதும் ஒரு குறை தீராது. ஒரே அலைவரிசையில் கேட்டு அதே அலைவரிசையில் சொல்லும் ரிப்பீட்டர், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை காற்றில் விட வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகும். 5 ஜிகாஹெர்ட்ஸில் கேட்டு 2.4இல் சொல்லும் வகை கொஞ்சம் தேவலை. ரிப்பீட்டரில் லேன் துளை இருந்தால் அதில் கேபிளைக் கொடுத்து ஆக்சஸ் பாயின்ட் ஆக்க முடியுமா என்று செட்டிங்ஸில் பாருங்கள். பலவற்றில் முடியும். ஒரு கேபிளில் அதன் பாவமெல்லாம் தீர்ந்துவிடும்.

கேள்வி: மெஷ் என்று மூன்று பெட்டியாக விற்கிறார்களே, அது ரிப்பீட்டர்தானா, வேறா?

பதில்: குணத்தில் உறவுக்காரன், வளர்ப்பில் வேறு. மெஷ் பெட்டிகள் ஒன்றையொன்று அறிந்தவை. ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே இடத்திலிருந்து நிர்வாகம். எந்தப் பெட்டி எதன் வழியாகப் பேசுவது என்று தாங்களே முடிவு செய்துகொள்ளும். மூன்று அலைவரிசை உள்ள வகையில் ஒன்றைப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒதுக்கிக்கொள்ளலாம், அதனால் பாதி வேகம் போகும் தொல்லை குறையும். தொழில்நுட்பம் தெரியாத வீட்டுக்கு நல்ல ஏற்பாடு, மறுக்க மாட்டேன்.

ஆனால் விளம்பரப் படத்தில் அலைகள் சுவரைக் கேட்காமல் போவது மாதிரி வரைந்திருப்பார்களே, அதை நம்பாதீர்கள். அந்தப் பெட்டிகளுக்கும் அதே சுவர், அதே தளம். அறைக்கொன்று என்று வாங்கிக் குவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் ஐந்து. ஒன்று இன்னொன்றோடு, அது மற்றொன்றோடு என்று கை கோத்துச் சங்கிலியாக நின்றன. கடைசி ஆளுக்கு வந்து சேர்வதற்குள் இணையம் மூச்சு வாங்கியது. ஐந்தில் இரண்டைக் கழற்றினேன், ஒன்றைக் கேபிளில் மாட்டினேன், வேகம் கூடியது. எனக்குப் பைத்தியம் என்று வீட்டுக்காரர் நினைத்திருப்பார். முதன்மைப் பெட்டியைச் சுற்றி மற்றவை நேரடியாக அதோடு பேசும்படி வைக்க வேண்டும். முடிந்தால் எல்லாவற்றையும் கேபிளில் கோத்துவிட வேண்டும். வாங்கும்போது பின்பக்கம் லேன் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வேறு வேறு கம்பெனிப் பெட்டிகளைக் கலந்துகட்டி ஓட்ட ஈஸிமெஷ் என்று ஒரு பொது விதிமுறை 2018இல் வந்தது. ஆனாலும் ஒரே கம்பெனியோடு இருப்பது உங்கள் ரத்த அழுத்தத்துக்கு நல்லது.

இன்னொரு தொல்லையும் உண்டு. மாடிக்கு வந்த பிறகும் ஃபோன் கீழ்ப் பெட்டியையே கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். எப்போது கைமாறுவது என்பதைத் தீர்மானிப்பது ஃபோன், பெட்டி அதற்கு யோசனைதான் சொல்ல முடியும். ஐஃபோன் பொதுவாக −70க்குக் கீழே போனால்தான் வேறு பெட்டியைத் தேட ஆரம்பிக்கும் என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. பெட்டிகளை நெருக்கமாக வைத்தால் அந்த −70 வரவே வராது, ஃபோனும் நகராது. இதற்கு நேர்மாறான வைத்தியம் உண்டு. பெட்டிகளைத் தள்ளி வையுங்கள், அல்லது செட்டிங்ஸில் ஒலிபரப்புப் பலத்தை ஒரு படி குறையுங்கள். அவசரத்துக்கு ஃபோனில் வைஃபையை அணைத்துப் போட்டாலும் சரி.

கேள்வி: பரணில் ஒரு பழைய ரவுட்டர் கிடக்கிறது. அதை மாடிக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாக. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தூசி தட்டிக் கொண்டுவாருங்கள்.

முதலில் செட்டிங்ஸுக்குள் போய் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் கையால் செய்ய வேண்டும். ஒரு வீட்டில் வாடகை ரசீது கொடுக்க ஒரு ஆள்தான் இருக்க வேண்டும். அது போல வீட்டில் உள்ள கருவிகளுக்கு முகவரி வழங்க ஒரு ரவுட்டர்தான் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர், பழைய ரவுட்டரில் அதை அணையுங்கள். அணைப்பதற்கு முன்பே அதன் சொந்த முகவரியை மாற்றிவிடுங்கள். கீழே உள்ள முதன்மை ரவுட்டர், அதாவது பெரியவர், 192.168.1.1 என்றால் இவருக்கு 192.168.1.2 கொடுக்கலாம். பெரியவர் அதை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதபடி வழங்கும் பட்டியலுக்கு வெளியே அந்த எண் இருக்கட்டும். அப்புறம் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதையே எழுத்து மாறாமல் வையுங்கள். சேனல், அதாவது அலைவரிசைக்குள் ரவுட்டர் பேசும் தடத்தின் எண், மட்டும் வேறாக இருக்கட்டும். கடைசியாகக் கேபிளை லேன் துளையிலிருந்து லேன் துளைக்குச் செருகுங்கள். வெளி இணைப்பு உள்ளே வருவதற்கு வான் என்று ஒரு துளை தனி நிறத்தில் இருக்கும், ஆகாயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைக் காலியாக விடுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதில் செருகிவிட்டுத்தான் எனக்கு ஃபோன் செய்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. வைஃபையைப் பூட்டும் டபிள்யூபிஏ2 பாதுகாப்புகூட இல்லாத அளவுக்குப் பழசு என்றால் பரணுக்கே திருப்பி அனுப்புங்கள். அது திறந்த கதவு.

கேள்வி: கேபிள் கேபிள் என்கிறீர்கள். எந்தக் கேபிள்? (முன்பும் ஒரு தடவை இப்படிச் சொல்லிவிட்டு விவரம் சொல்லவில்லை நீங்கள்.)

பதில்: மன்னிக்க வேண்டும், தொழில் புத்தி. கேட் 5இ போதும், 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் தாங்கும். புதிதாக இழுப்பதென்றால் கேட் 6 வாங்கிவிடுங்கள், சுவருக்குள் போனதைத் திரும்ப எடுக்க முடியாது. பார்க்க வேண்டியது வேறொன்று, உள்ளே முழுச் செம்பா என்பது. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசி விற்கும் வகை ஒன்று இருக்கிறது. சிசிஏ என்று பெட்டியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். மடக்கினால் ஒடியும். கையில் எடுத்தால் எடையே இருக்காது. கரண்ட் கேபிள் போகும் குழாயிலேயே இதையும் திணிக்காதீர்கள், தனி வழி கொடுங்கள்.

உள்ளே எட்டு கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும். 1 ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் பல சமயம் சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். இணைப்பு இருக்கும், விளக்கு எரியும், யாருக்கும் சந்தேகம் வராது. என் சொந்த வீட்டில் கதவு இடுக்கில் நசுங்கிய ஒரு கேபிளோடு எட்டு மாதம் இருந்தேன். நிறுவனத்தைத் திட்டியபடியே இருந்தேன். பிறகு என் மகள்தான் கேட்டாள், "அப்பா, ஏன் எப்பப் பார்த்தாலும் சரியா 94 வருது?" 94 என்பது 100 எம்பிபிஎஸ் இணைப்பின் நடைமுறை உச்சம். சரியாக அந்த எண்ணில் முட்டி நின்றால் கேபிளைத் தடவிப் பாருங்கள்.

கேள்வி: வாடகை வீடு. ஆணிகூட அடிக்கக் கூடாது என்று உத்தரவு. எங்களுக்கு என்ன வழி?

பதில்: கதவுக்கு அடியில் போகிற தட்டைக் கேபிள் இருக்கிறது, சுவர் ஓரத்தில் ஒட்டுப் பட்டையோடு ஓடும், கிளம்பும்போது உரித்துக்கொள்ளலாம். அதுவும் முடியாதென்றால் பவர்லைன் அடாப்டர். வீட்டுக் கரண்ட் வயர் வழியாகவே இணையத்தை அனுப்பும் ஜோடிப் பெட்டிகள். அட்டையில் போட்டிருக்கும் வேகத்தை நம்பி வாங்காதீர்கள், அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். இரண்டு பெட்டியும் ஒரே ஃபேஸில் இருந்தால் நல்லது. எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகக் கூடாது, நேராகச் சுவர்ப் பிளக்கில்தான் செருக வேண்டும். ஒரு வீட்டில் அபாரமாக ஓடும், அடுத்த வீட்டில் மிக்ஸியோ மோட்டாரோ போட்டால் மூர்ச்சை ஆகும். திருப்பிக் கொடுக்க முடிகிற இடத்தில் வாங்குங்கள். அறைகளில் பழைய டிவி கேபிள், அந்தத் தடித்த கோஆக்ஸ், சும்மா கிடந்தால் அதிர்ஷ்டம். மோகா அடாப்டர் போட்டு அதையே இணையக் கம்பியாக்கிவிடலாம். பவர்லைனைவிட நான் அதைத்தான் நம்புவேன்.

கேள்வி: 2.4 நல்லதா, 5 நல்லதா?

பதில்: தூரத்துக்கு 2.4, வேகத்துக்கு 5. இரண்டுக்கும் ஒரே பெயர் கொடுத்து ஃபோனே தேர்ந்தெடுக்கட்டும் என்று விடுவது பெரும்பாலான வீடுகளுக்குச் சரி. ஸ்மார்ட் பல்பு, கதவு மணி, கேமரா வகையறா பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். அவற்றை இணைக்கும் அன்று மட்டும் 5ஐ அணைத்துவிட்டுப் பிறகு போட்டால் தகராறு இருக்காது. 6 ஜிகாஹெர்ட்ஸ் என்று புதிதாக வந்திருப்பது சுவர் விஷயத்தில் 5ஐவிடக் கூச்ச சுபாவி. ஒரே அறைக்குள் ராஜா.

கேள்வி: சாயங்காலமானால் மட்டும் வைஃபை படுத்துவிடுகிறது. அடுக்குமாடியில் இருக்கிறோம். (ஐந்தாம் தளம்)

பதில்: உங்களைச் சுற்றி மேலும் கீழும் நாலு பக்கமும் ரவுட்டர்கள். சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பியதும் அத்தனையும் ஒரே நேரத்தில் பேசுகின்றன. வைஃபை மரியாதை தெரிந்தது, பக்கத்தில் யாராவது பேசினால் முடியும்வரை காத்திருக்கும். அந்தக் காத்திருப்புதான் உங்கள் மந்தம். 2.4இல் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் மூன்றுதான், 1, 6, 11. யாரும் இல்லையே என்று 3ஐயோ 9ஐயோ பிடிக்காதீர்கள். இரண்டு பக்கத்து வீட்டையும் கெடுத்து நீங்களும் கெடுவீர்கள். செட்டிங்ஸில் சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். முடிந்ததையெல்லாம் 5க்கு மாற்றுங்கள், அங்கே இடம் அதிகம். சுவர்கள் அதைத் தடுப்பது இங்கே உங்களுக்கு வரம், பக்கத்து வீட்டுச் சத்தம் உள்ளே வராது. 5இல் சில சேனல்களை வானிலை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் அரவம் கேட்டால் ரவுட்டர் சட்டப்படி அந்தச் சேனலைக் காலி செய்தாக வேண்டும். விமான நிலையம் பக்கத்தில் இருந்து அடிக்கடி அறுந்தால் 36 முதல் 48 வரையுள்ள சேனல்களில் ஒன்றில் நிறுத்திவிடுங்கள்.

டிவியும் மேஜைக் கணினியும் நகரப் போவதில்லை. அவற்றுக்குக் கேபிளைக் கொடுத்துவிட்டால் காற்று உங்கள் ஃபோன்களுக்கு மிஞ்சும். ரவுட்டரில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிப் பாருங்கள். அந்த இணைப்பு 2.4 பட்டையில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் 2012லேயே ஒரு அறிக்கை போட்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு வீட்டில் மூன்று தடவை ஏறி இறங்கினேன். மைக்ரோவேவ் அவனைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன், பாவம் அது.

கேள்வி: ரவுட்டருக்குப் பின்னால் அலுமினியத் தாள் வைத்தால் சிக்னல் கூடும் என்று ஒரு வீடியோ பார்த்தேன். உண்மையா?

பதில்: பாதி உண்மை. 2017இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி ஆய்வாளர்கள், வீட்டுக்கேற்ற வடிவத்தைக் கணக்குப் போட்டு அச்சிட்டு, அதற்கு உலோகத் தாள் சுற்றி, சிக்னலை வேண்டிய பக்கம் திருப்பிக் காட்டினார்கள். தாள் புதிதாக எதையும் உண்டாக்காது, ஒரு பக்கம் கொடுத்ததை இன்னொரு பக்கத்திலிருந்து எடுக்கும். ரவுட்டர் வெளிச்சுவர் ஓரம் இருந்து, தெருவுக்குப் போவதை உள்ளே திருப்ப வேண்டுமென்றால் செய்து பாருங்கள். மூடிக் கட்டி அடுப்பு மாதிரி ஆக்கிவிடாதீர்கள், ரவுட்டர் சூடாகும்.

கேள்வி: வைஃபை என்பதன் விரிவு என்ன? வயர்லெஸ் ஃபிடிலிட்டிதானே? (பள்ளி மாணவி)

பதில்: எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உண்மையில் விரிவே கிடையாது கண்ணு. 1999இல் இன்டர்பிராண்ட் என்ற பெயர் வைக்கும் கம்பெனி சொல்லிக் கொடுத்த பெயர் அது. ஹைஃபை என்ற சொல்லின் சாயல் இருக்கட்டும் என்று வைத்தார்கள். கொஞ்ச காலம் விளம்பர வாசகத்தில் வயர்லெஸ் ஃபிடிலிட்டி என்று சேர்த்துப் போட்டதுதான் குழப்பத்துக்குக் காரணம். தேர்வில் கேட்டால் ஆசிரியர் எதிர்பார்ப்பதை எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து சிரித்துக்கொள்.

கேள்வி: ரவுட்டரைத் தினமும் அணைத்துப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். வாரத்தில் இரண்டு தடவை அணைத்துப் போட்டால்தான் ஓடுகிறது என்றால் அது சூட்டினால் தவிக்கிறது, அல்லது உள்ளே உள்ள மென்பொருள் பழசாகிவிட்டது. மேலே கையை வைத்துப் பாருங்கள், கை பொறுக்காத சூடு என்றால் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். செட்டிங்ஸில் அப்டேட் இருந்தால் போடுங்கள். எங்கள் வீட்டு ரவுட்டர் படிக்கட்டில் தலைக்கு மேலே இருக்கிறது. கடைசியாக நான் அதைத் தொட்டது தூசி துடைக்கத்தான். அந்த ஆறு ஆன்டெனா சிலந்தியா? மாடியில், டிஹெச்சிபி அணைத்து, கேபிள் முனையில் தொங்குகிறது. ஆன்டெனாவில் இரண்டைக் கழற்றி மகள் பேனா நிறுத்தியில் வைத்திருக்கிறாள்.